என்ஜின்எக்ஸும் அந்த ஒற்றை ஸ்லாஷும்

புதிய லினக்ஸ் சர்வரில் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் மென்பொருளைப் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்ஸ்டால் செய்வது ஒரு வரி வேலை, அதை அவரே பார்த்துக்கொள்வார். பல வருஷமாக இதை ஓட்டிவருபவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது வேறு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2004இல் இகோர் சிசோயெவ் இதை வெளியிட்ட காலத்தில், ஒரே சர்வர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவதே பெரிய சவால். இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) என்று ஒதுக்காமல், ஒர்க்கர்கள் எனப்படும் சில ப்ராசஸ்களே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும்படி அவர் அமைத்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது ரீலோட், அதாவது சர்வரை நிறுத்தாமலே கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) மாற்றுவது. மாஸ்டர் ப்ராசஸ் புதிய கான்ஃபிக்கைப் படித்துப் புதிய ஒர்க்கர்களைக் கிளப்பும். பழையவை கையில் இருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டுத்தான் விலகும். கான்ஃபிக்கில் பிழை இருந்தால் பழைய அமைப்பே தொடரும். நட்ட நடுப்பகலில், ஆட்கள் தளத்தில் இருக்கும்போதே தைரியமாக மாற்றங்கள் செய்திருக்கிறேன்.

சரி, இப்போது வரும் கோரிக்கையைப் பின்னால் இருக்கும் ஆப்புக்குக் கைமாற்றும் ப்ராக்ஸி_பாஸ் என்ற கட்டளைக்கு வருவோம். பின்னால் 3000ஆம் போர்ட்டில் ஓடும் ஆப்புக்கு '/ஏபிஐ/' என்று தொடங்கும் கோரிக்கைகளை அனுப்புகிறோம். அந்தக் கட்டளையில் எழுதும் முகவரி போர்ட் எண்ணோடு முடிந்தால், '/ஏபிஐ/பயனர்' அப்படியே ஆப்புக்குப் போகும். கடைசியில் ஒரு ஸ்லாஷ் சேர்த்தால் '/ஏபிஐ/' உதிர்ந்து, வெறும் '/பயனர்' போகும். எந்தக் கோரிக்கைகள் என்று குறிக்கும் லொகேஷன் வரியில் கடைசி ஸ்லாஷை விட்டுவிட்டு ப்ராக்ஸி_பாஸில் மட்டும் வைத்தால் '//பயனர்' போகும். முகவரியில் ஒரு வேரியபிளை நுழைத்தால் இந்த விதியே மாறிவிடும்!

எல்லாமே சரியான இலக்கணம் என்பதால் கான்ஃபிக் சோதனை 'ஓகே' என்றே சொல்லும். எரர் லாகிலும் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் 404 ('பக்கம் இல்லை' என்ற பதில்) வருவது பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்து. ஆக்சஸ் லாகைப் பார்த்தாலோ, வந்த முகவரி இருக்குமே தவிர, ஆப்புக்கு அனுப்பிய முகவரி இருக்காது. கோளாறு எங்கே என்று தேடுபவருக்கு ஒரு துப்பும் கிடைக்காது. ஆவணத்தில் இந்த விதி தெளிவாகவே எழுதியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணில் படாத ஓர் எழுத்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கோரிக்கையின் பாதையையே மாற்றுவது மோசமான வடிவமைப்பு. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வரியை எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

அதனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம், கேடி (Caddy) என்ற இன்னொரு வெப் சர்வரைப் போடுங்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழையும் அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். '/ஏபிஐ/' போன்ற முன்னொட்டை நீக்க வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனித்தனிக் கட்டளைகளும் அதில் உண்டு. இல்லை, என்ஜின்எக்ஸ்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு ரீலோடுக்கு அப்புறமும் '/ஏபிஐ/'க்கு உள்ளே இருக்கும் ஒரு பாதையை கர்ல் (curl) என்ற கட்டளை போட்டுக் கேளுங்கள். பார்க்க வேண்டியது ஆப்பின் லாகை.