வோர்டெக் எம்பி40 வேவ்மேக்கர்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மோட்டார் தொட்டியின் கண்ணாடிக்கு வெளியே, விசிறி கண்ணாடிக்கு உள்ளே, இரண்டையும் பிணைப்பது காந்தம் மட்டும். எக்கோடெக் மரைன் நிறுவனத்தின் வோர்டெக் எம்பி40, பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப் (வேவ்மேக்கர்). அதன் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன. மின்கம்பி தண்ணீருக்குள் இறங்குவதில்லை. மோட்டார் சூடு நீரில் கலப்பதில்லை. வெயில் காலத்தில் தொட்டியை 26 டிகிரிக்குள் வைக்கப் போராடுபவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மோட்டார் காற்றில் நிற்பதால் அதன் சத்தத்தை அடக்கத் தண்ணீர் இல்லை.

உச்ச வேகத்தில் மணிக்குச் சுமார் 17,000 லிட்டர் தள்ளும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. மென்பவளமும் எல்பிஎஸ் (பெரிய பாலிப்கள் கொண்ட கல்பவளம்) வகைகளும் உள்ள தொட்டிக்கு, மொத்த நீரின் அளவைப்போல் 10 முதல் 20 மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் சுழன்றால் போதும். எஸ்பிஎஸ் (சிறிய பாலிப்கள் கொண்ட கல்பவளம்) வளர்ப்பவருக்கு 30 முதல் 50 மடங்கு தேவை. 300 லிட்டர் தொட்டியில் எஸ்பிஎஸ் என்றால் மணிக்கு 9,000 லிட்டரிலிருந்து தொடங்கும் கணக்கு இது. அங்கே இந்தப் பம்பைப் பாதியைச் சற்றுத் தாண்டிய வேகத்தில் ஓட்டினாலே போதும். அந்த வேகத்தில் சத்தமும் வெகுவாகக் குறையும். கீழே உள்ள வடிகட்டும் தொட்டியான சம்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் வேலை வடிகட்டலுக்கு நீர் அனுப்புவது. மணிக்கு 3 முதல் 5 மடங்கு அதற்குப் போதும்.

எம்பி40 தரும் ஓட்டம் அகன்று விரிவது. குறுகிய வாய் கொண்ட பவர்ஹெட் எனும் சிறு பம்பின் நீர் குழாய்த் தண்ணீர்போல் ஒரே இடத்தில் பாயும். அதன் எதிரே மாட்டிய எஸ்பிஎஸ் பவளத்தின் திசு எலும்புக்கூட்டை விட்டு உரிந்துவிடும். இதில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. விசிறிக்கு நேர் எதிரே 20 செ.மீ.க்குள் எந்தப் பவளத்தையும் வைக்காதீர்கள். டார்ச், ஹேமர் போன்ற எல்பிஎஸ் பவளங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சுருங்கியே கிடந்தால் அங்கே ஓட்டம் அதிகம் என்று பொருள்.

பொருத்தும் இடம்தான் பாதி வெற்றி. நீர்மட்டத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே வையுங்கள். அதைவிட மேலே போனால் சுழி உண்டாகிக் காற்றை இழுக்கும். தொட்டி முழுக்க நுண்குமிழ் பரவும். மணலுக்கு அருகே இறக்கினால் படுகை குழிந்து கண்ணாடி தெரியும். மாவுபோன்ற மெல்லிய மணலை இந்தப் பம்போடு சேர்க்கவே வேண்டாம். 1 முதல் 2 மி.மீ. பருமன் உள்ள மணல் ஓரளவு நிலைக்கும். ஓட்டத்தின் மேல்விளிம்பு நீர்ப்பரப்பைக் கலைத்தபடி இருக்க வேண்டும். கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், பரப்பு அசையாமல் நின்றால் இரவில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். எல்லாம் மாட்டியபின் பாறைகளுக்குப் பின்னால் ஒரு பிப்பெட்டால் ஊதிப் பாருங்கள். சாம்பல்நிறக் கழிவு கிளம்பினால் அங்கே நீர் தேங்குகிறது. சிவப்பு வழவழப்பான சயனோ (சயனோபாக்டீரியா) படலம் முதலில் படர்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரே திசையில் மாறாமல் ஓடும் நீர் பாறையின் மறுபக்கத்தில் நிழல்போல் ஒரு தேக்கத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பம்பில் உள்ள ரீஃப் கிரெஸ்ட், லகூனல் என்ற இரண்டு முறைகளும் வேகத்தை ஒழுங்கின்றி மாற்றுவதால் அந்த நிழல் இடம் மாறுகிறது; எஸ்பிஎஸுக்கு முதலாவது, எல்பிஎஸுக்கு இரண்டாவது. ஷார்ட் பல்ஸ் முறையில் அலை எழுப்பத் தொட்டியின் நீளத்துக்கு ஏற்ற தாளம் வேண்டும். 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. நீர் ஆழமும் இருந்தால் அலை ஒருமுறை போய்த் திரும்பச் சுமார் 1.3 நொடி ஆகும். ஆகவே 0.65 நொடி ஓட்டம், அதே அளவு ஓய்வு என்று தொடங்கி, சிறு சிறு படியாகத் திருத்துங்கள். அலை 2 செ.மீ. உயர்ந்தாலே போதும். அதற்கு மேல் போனால் கண்ணாடி ஒட்டுகளில் அழுத்தம் ஏறும். தொட்டியிலிருந்து சம்புக்கு நீர் வழியும் ஓவர்ஃப்ளோவில் நீர் விட்டுவிட்டு விழுவதால் சம்பின் மட்டம் ஆடி, ஆவியான நீரை ஈடுசெய்யும் ஆட்டோ டாப்-ஆஃப் சென்சார் தேவையில்லாமல் நன்னீரை ஊற்றி உப்பின் அளவைக் குறைத்துவிடும்.

பராமரிப்பைத் தள்ளிப்போடுபவருக்கு இந்தப் பம்ப் சரிவராது. ஊதாநிறக் கோரலைன் பாசியும் சுண்ணாம்பும் உள்பகுதியில் ஏறியதும் கடகடவென்று சத்தம் வரும், ஓட்டம் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, உள்பகுதியை ஒரு கையால் பிடித்தபடி வெளிமோட்டாரைப் பக்கவாட்டில் நகர்த்திக் கழற்றுங்கள். நேராக இழுத்துவிட்டு நழுவவிட்டால் காந்தம் திரும்பப் பாய்ந்து கண்ணாடியில் மோதும். விரல் நடுவில் மாட்டினால் நசுங்கும். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, முன்மூடியைக் கழற்றி, விசிறியை அச்சிலிருந்து உருவிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து அலசுங்கள். கண்ணாடியின் இரு பக்கத்தையும் துடைத்தபிறகே மாட்ட வேண்டும். காந்த உறை வீங்கினாலோ விரிசல் விட்டாலோ துருக்கறை தெரிந்தாலோ உள்பகுதியை உடனே மாற்றுங்கள். உலோகம் கசிந்தால் முதலில் சாவது முதுகெலும்பில்லாத உயிர்கள். கடல் சாமந்தி (அனிமோன்) இருந்தால் விசிறிக்கு நுரைக் காப்பு போடாமல் ஓட்டாதீர்கள். அது ஓர் இரவில் நகர்ந்து விசிறிக்குள் போய்விடும். அரைபட்டால் தொட்டி நீர் முழுவதும் கெட்டுப்போகும்.

மின்வெட்டுக்கு நிறுவனத்தின் பேட்டரி பேக்கப்பை நேரடியாக இணைக்கலாம். குறைந்த வேகத்தில் ஒரு நாளையும் தாண்டிப் பம்ப் சுழலும். இதன் உயர்ந்த விலையைக் கொடுக்க அதுவே வலுவான காரணம். விலை கட்டுப்படாவிட்டால் தண்ணீருக்குள் முழுகும் டிசி புரொபெல்லர் பம்புகள் இரண்டை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறி மாறி ஓடவைக்கலாம். நீரோட்டத்தில் குறை சொல்ல முடியாது. கம்பியும் கொஞ்சம் சூடும் உள்ளே இருக்கும், அவ்வளவே. நீண்ட தொட்டிக்கு, நீள உருளை விசிறி கொண்ட கைர் வகைப் பம்பின் தட்டையான ஓட்டம் இதைவிடப் பொருத்தம், ஆனால் அதன் கூண்டு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 150 லிட்டருக்குக் கீழே உள்ள தொட்டிக்கு எம்பி40 அதிகம். அங்கே இதே வரிசையில் சிறியதான எம்பி10 போதும், கண்ணாடி 10 மி.மீ.க்கு மேல் தடிமனாக இல்லாதவரை.