ஷூ பூஞ்சையைச் சுத்தம் செய்யக் கொடுக்கிறீர்களா? இன்சோலைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஓட்டப் பயிற்சிக்குப் போடும் ஷூ. தொடர் மழையில் சரியாகக் காயாமல் அலமாரிக்குள் போனதில் நாக்குப் பகுதியிலும் குதிகால் உட்புறத்திலும் சாம்பல் பச்சை நிறத்தில் திட்டுத் திட்டாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. ‘பூஞ்சை முழுவதும் நீக்கப்படும், வாடை திரும்ப வராது’ என்று விளம்பரம் செய்யும் ஒரு ஷூ சலவை நிலையத்தில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். இதே வேலையை இதே மாதிரி செய்பவர்கள் வேறு இடங்களிலும் இருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

பளிச்சென்று, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டித் தந்தார்கள். வீட்டில் பிரித்ததும் குப்பென்று சென்ட் வாசனை. அது அடங்கியதும் அடியிலிருந்து பழைய வாடை கிளம்பியது. உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, அதாவது இன்சோலைத் தூக்கினால் பூஞ்சை அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே மைதானத்து மணலும்! வெள்ளை வலைத்துணி தையல் ஓரங்களில் மஞ்சளாகியிருந்தது. முன்பக்கம் சோல் வாய் பிளந்து, நகம் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி.

போய்க் கேட்டால், ‘இந்த ஈரக்காற்றில் பூஞ்சை திரும்ப வரத்தான் செய்யும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்றார்கள். பூஞ்சை திரும்ப வரலாம், சரி. மணல் எப்படித் திரும்ப வரும்? இன்சோலைக் கழற்றவே இல்லை என்று காட்டியதும், அடுத்த முறை இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார்கள். வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்று படங்களோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

துணி மஞ்சளாவது பெரும்பாலும் ப்ளீச்சின் வேலை. சோல் பிரிவது அதிகச் சூட்டில் காய வைப்பதால். பசை இளகிவிடும், அடியில் இருக்கும் ஃபோமும் சுருங்கும். இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வந்தது அந்த ஒட்டிய கவரைப் பார்த்துத்தான். ஈரம் துளி மிச்சம் இருந்தாலும் கவருக்குள் அது வெளியேற வழியில்லை. ஈரமான துணியில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். ஷூ சலவையே தொழிலாக இருப்பவர்களுக்கு இது தெரியாதா?

அதனால் கொடுக்கும்போதே கேளுங்கள்: இன்சோலையும் லேஸையும் கழற்றித் தனியாகக் கழுவுவீர்களா, எதைப் போட்டுக் கழுவுவீர்கள், எப்படிக் காய வைப்பீர்கள்? மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். வாங்கும்போது அங்கேயே கவரைப் பிரித்து, இன்சோலைத் தூக்கி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் காயவில்லை. சென்ட் தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படுங்கள்.

இன்சோலைப் பிறகு நானே சுத்தம் செய்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டினேன். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சை வித்துக்கள் எங்கும் பரவும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அப்புறம் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, சிறிது நேரம் விட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஈரமாக ஈரமாக மாற்றி, மின்விசிறிக் காற்றில் காய வைத்தேன். வினிகரோடு ப்ளீச்சை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தோல் ஷூவுக்கும், ஸ்வேட் எனப்படும் மென்பரப்புத் தோல் ஷூவுக்கும் இந்த முறை சரிவராது, தண்ணீரில் நனைக்கவே கூடாது.

நாக்குக்குள் இருக்கும் பஞ்சுவரை கறுத்துப்போன ஷூவை எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள். அந்தப் பஞ்சைப் பிரித்தெடுத்து யாரும் கழுவப் போவதில்லை.