பெட்டிக்குள் 24 சொற்கள் தயாராக இருந்தால் அந்த ஹார்ட்வேர் வாலட்டில் ஒரு பைசாகூட வைக்காதீர்கள்

பிட்காயின் போன்ற கிரிப்டோ காயின்களின் ரகசியச் சாவிகளைக் காக்கும் சிறு கருவியான ஹார்ட்வேர் வாலட் வாங்கப் போகிறவர்களும், வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பெட்டியைத் திறங்கள். என் சேமிப்பில் பெரும்பகுதியை ஒரு விற்பனையாளன் திட்டம் போட்டுத் திருடியிருக்கிறான். என் கம்ப்யூட்டருக்குள் யாரும் நுழையவில்லை, கருவியும் திருடு போகவில்லை. அவன் கையில் ஏற்கெனவே இருந்த சாவிக்குள் என் காயின்கள் போய்ச் சேரும்படி செய்தான், அவ்வளவுதான்.

காயின்களை, அவற்றை வாங்கி விற்கும் ஆன்லைன் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நியாயமான பேச்சுதான். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது எத்தனை பேர் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள் என்று பார்த்தோமே. அதனால்தான் பேர் பெற்ற ஒரு கம்பெனியின் வாலட்டை வாங்கினேன். வாங்கிய இடம் ஒரு ஆன்லைன் சந்தை. விற்றது அந்தக் கம்பெனி இல்லை, அந்தச் சந்தையில் கடை போட்டிருக்கும் வேறு ஒருவன். நட்சத்திரங்கள், வாங்கியவர்களின் கருத்துகள் எல்லாம் பிரமாதமாக இருந்தன.

பெட்டி பிளாஸ்டிக் உறை கசங்காமல் வந்தது. உள்ளே கருவி, கேபிள், ஒரு கையேடு, கூடவே ஒரு அட்டை. அட்டையில் ரீசார்ஜ் கார்டில் இருக்குமே, அதே மாதிரி வெள்ளிப் பூச்சு. சுரண்டினால் வரிசை எண்ணோடு 24 ஆங்கிலச் சொற்கள். "உங்கள் பாதுகாப்புக்காக, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மீட்புச் சொற்கள் தொழிற்சாலையிலேயே உருவாக்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் மூடப்பட்டுள்ளன" என்று கையேடு சொன்னது. எழுத்துரு, நிறம், லோகோ எல்லாமே கம்பெனியுடையது போலவே. கருவியை முதல்முறை ஆன் செய்தால் திரையில் இரண்டு வழிகள் வரும்: புதிய வாலட்டை உருவாக்கு, அல்லது ஏற்கெனவே உள்ள வாலட்டை மீட்டெடு. இரண்டாவதை அழுத்தி அட்டையில் உள்ள சொற்களை உள்ளிடச் சொன்னது கையேடு. மோசடி மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கருவி அசல். கம்பெனியின் ஆப் அதைச் சோதித்து "இது உண்மையான கருவி" என்றே காட்டியது, அது பொய்யும் இல்லை. போலியாக இருந்தவை அட்டையும் கையேடும் மட்டும்தான். காகிதத்தைச் சோதிக்க எந்த ஆப்பாலும் முடியாது.

சீட் ஃபிரேஸ் என்கிற மீட்புச் சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்தால் இந்த மோசடி உடனே புரியும். கருவி தனக்குள்ளேயே ஒரு பெரிய ரேண்டம் எண்ணை உண்டாக்கி, அதை 2,048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களாக மாற்றிக் காட்டுகிறது. உங்கள் சாவிகள் எல்லாம் அந்தச் சொற்களிலிருந்துதான் வருகின்றன. அந்தச் சொற்கள் யாரிடம் இருந்தாலும், உலகின் எந்த மூலையிலிருந்தும், அதே முறையில் இயங்கும் வேறொரு வாலட்டில் போட்டு உங்கள் காயின்களை எடுத்துவிடலாம். உங்கள் கருவி தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் நம்பர் காப்பது கையில் இருக்கும் கருவியை மட்டும்தான். ஆகவே, சொற்களை அச்சடித்துக் கொடுத்தவனிடம் அதன் நகல் இருந்தே தீரும்.

அவன் அவசரப்படவில்லை. முதலில் சோதனைக்காகக் கொஞ்சம் அனுப்பினேன், பத்திரமாக இருந்தது. திரும்ப எடுத்தும் பார்த்தேன், வந்தது. சின்னத் தொகையை அவன் தொட மாட்டான், தொட்டால் நாம் விழித்துக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரியும். மீதியையும் மாற்றியபிறகு, ஒரு நாள் காலையில் இருப்பு பூஜ்யம். காயின் பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் தேடினால், ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் மொத்தமும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போயிருந்தது. கருவி அந்த நேரம் எதனோடும் இணைக்கப்படாமல் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

சந்தையின் உதவி மையத்துக்குப் போன் செய்தேன். "சார், சீல் உடையாமல்தானே வந்தது? பொருள் வேலை செய்கிறது இல்லையா? திருப்பி அனுப்பும் காலமும் முடிந்துவிட்டது" என்றார்கள். அட்டையின் படத்தை அனுப்பினேன். கருவியின் விலையை வேண்டுமானால் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது, ஏதோ பெரிய மனது பண்ணுவதுபோல. அந்தக் கடையை மூடினார்கள். ஆனால் அதே படங்களோடு வேறு பெயரில் இன்னொரு கடை அங்கேயே விற்றுக்கொண்டிருந்தது. அதையும் புகார் செய்தேன். பணத்தைப் பாதுகாக்க வாங்கும் ஒரு பொருளை, விற்பவன் யார் என்று பார்க்காமல் விற்க விடுகிறார்களே, அந்தப் பொறுப்பின்மையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தச் சுரண்டல் அட்டை வித்தை புதிதும் இல்லை. 2018-லேயே இப்படி ஏமாந்தவர்களின் செய்திகள் வந்திருக்கின்றன. 2020-இல் ஹார்ட்வேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போய், 2.7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் அந்த ஆண்டு டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. அடுத்த ஆண்டு அவர்களில் சிலருக்கு, "பாதுகாப்புக்காக உங்கள் கருவியை மாற்றித் தருகிறோம்" என்ற கடிதத்தோடு போலிக் கருவிகள் வீட்டுக்கே வந்தன.

இன்னும் மோசமான ஒன்றை 2023-இல் காஸ்பர்ஸ்கி என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. ட்ரெஸர் மாடல் டி என்ற ஹார்ட்வேர் வாலட்டின் போலி அது. ஹாலோகிராம் ஸ்டிக்கர்கள் கலையாமல் இருந்தன, தொடுதிரையும் அசல் போலவே இயங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பசையும் இருபக்க டேப்பும், மாற்றி வைக்கப்பட்ட சிப்பும். "புதிய வாலட்டை உருவாக்கு" என்றே அழுத்தினாலும், திருடன் முன்பே தயாரித்து வைத்திருந்த 20 சொல்வரிசைகளில் ஒன்றைத்தான் அது காட்டும். மீட்புச் சொற்களோடு நீங்களே கூடுதலாக ஒரு ரகசியச் சொல் (பாஸ்ஃபிரேஸ்) வைத்தால், அதன் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறேன், சீல், ஹாலோகிராம் எதையும் நம்பாதீர்கள். தயாரிக்கும் கம்பெனியின் தளத்திலேயே வாங்குங்கள், அல்லது அந்தத் தளம் தன் விற்பனையாளர் என்று பெயர் குறிப்பிடும் கடையில் வாங்குங்கள். கொஞ்சம் விலை குறைகிறது என்று வேறு எங்கும் போக வேண்டாம். பழைய கருவி வேண்டவே வேண்டாம்.

கையில் வந்ததும் ஆப்பைக் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே லெட்ஜர் கம்பெனியின் லெட்ஜர் லைவ் ஆப்பைப் போன்ற போலி ஒன்று இருந்து பலரின் பணத்தைக் கொண்டுபோனது. கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு, புதிய வாலட் என்று தொடங்குங்கள். சொற்கள் கருவியின் திரையில்தான் வர வேண்டும், உங்கள் கையால் காகிதத்தில் எழுத வேண்டும். போட்டோ எடுக்காதீர்கள், மெயிலில் வைக்காதீர்கள், கீபோர்டில் தட்டாதீர்கள். பிறகு சிறு தொகை ஒன்றை அனுப்பிவிட்டுக் கருவியை முழுதாக அழித்து, உங்கள் காகிதத்திலிருந்து மீட்டுப் பாருங்கள். அதே முகவரியும் அதே இருப்பும் வந்தால் எழுதியது சரி. சிலர் இதைச் செய்யப் பயப்படுகிறார்கள். பெரிய தொகை உள்ளே போவதற்கு முன்னால் செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. பணம் வாங்கும்போதும் அனுப்பும்போதும் முகவரியைக் கருவித் திரையில் முழுதாகப் படியுங்கள். காப்பி செய்த முகவரியைக் கம்ப்யூட்டரிலேயே மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன.

பணம் போனபின் உதவி கேட்டு எழுதினேன். உடனே இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது. "பிளாக்செயின் புலனாய்வாளர்" என்று ஒருவர், "எங்கள் குழு ஏற்கெனவே பலருக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறது" என்று இன்னொருவர். சிலர் முன்பணம் கேட்டார்கள், சிலர் வாலட்டை "இணைக்க" மீட்புச் சொற்களைக் கேட்டார்கள். எல்லோரும் திருடர்கள்தான். பிளாக்செயினில் உறுதியாகிவிட்ட பிட்காயின் பரிமாற்றத்தைத் திருப்பும் பட்டன் யாரிடமும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் எதிலாவது அந்தக் காயின்கள் போய்ச் சேர்ந்தால் முடக்கச் சொல்லி காவல்துறை கேட்கலாம். அதற்காகத்தான் சைபர் கிரைமில் புகார் கொடுத்திருக்கிறேன்.

பெட்டியோடு வந்த சொற்களை இப்போது பயன்படுத்திக்கொண்டிருப்பவர்கள் பின் நம்பரை மாற்றினால் போதுமா என்று யோசிக்க வேண்டாம், போதாது. கருவியை அழித்துவிட்டு அதே சொற்களைத் திரும்பப் போட்டாலும் பயனில்லை. நம்பகமான இன்னொரு வாலட்டில் புதிய சொற்களை உருவாக்கி, காயின்கள் அனைத்தையும் இன்றே அங்கே அனுப்பிவிடுங்கள். அட்டை, கையேடு, பெட்டி, பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு அவை வேண்டும்.