லாங்மன் இணைய அகராதி: 'பிரேக் டவுன்' வைத்து ஒரு சோதனை

ஒரு ஆங்கில அகராதி தேறுமா என்று பார்க்க 'பிரேக் டவுன்' ஒன்றே போதும். வண்டி நின்றுபோவது, பேச்சுவார்த்தை முறிவது, கதவை உடைத்துத் திறப்பது, அடக்க முடியாமல் அழுவது, உணவு செரித்துச் சிதைவது, பெரிய கணக்கைப் பிரித்துக் காட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். லாங்மன் இவை அத்தனையையும் தனித்தனிப் பொருளாகத் தருகிறது. விளக்கங்களை ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எழுதுவது அதன் பழைய வழக்கம். அதனால் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப்போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும் தொல்லை குறைவு. சந்தா கிடையாது, விளம்பரம் உண்டு.

இதில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போவது இருதலை அம்புக்குறியைத்தான். வினைக்கும் 'டவுன்'-க்கும் நடுவே அது இருந்தால் பெயர்ச்சொல்லை இடையிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்: 'பிரேக் த டோர் டவுன்', 'பிரேக் டவுன் த டோர்'. 'இட்' போன்ற பிரதிப்பெயர் என்றால் இடையில் மட்டுமே. 'பிரேக் டவுன் இட்' தவறு. வண்டி, அழுகை ஆகிய பொருள்களில் அம்புக்குறி இருக்காது. அங்கே செயப்படுபொருளுக்கே இடமில்லை.

நம்மவர்கள் சறுக்குவதும் அங்கேதான். 'பைக் பிரேக்டவுன் ஆயிடுச்சு' என்று பெயர்ச்சொல்லாகவே பேசிப் பழகியதால், எழுதும்போது 'மை பைக் வாஸ் ப்ரோக் டவுன்' என்று வந்துவிடுகிறது. 'மை பைக் ப்ரோக் டவுன்' என்பதே சரி. இந்தத் தவறை அகராதி நேரடியாக எச்சரிக்கவில்லை. எடுத்துக்காட்டுகளைப் படித்து நாமாகத்தான் பிடிக்க வேண்டும்.

பெயர்ச்சொல்லான 'பிரேக்டவுன்' தனிப் பதிவு. அதில் அழுத்தம் 'பிரேக்' மேல். வினையில் 'டவுன்' மேல். எஸ்டிமேட்டுக்குக் கேட்கும் 'காஸ்ட் பிரேக்டவுன்' இந்தப் பெயர்ச்சொல்தான். 'ஷி ப்ரோக் டவுன்' என்றால் பெரும்பாலும் உடைந்து அழுதாள் என்றே பொருள். அதைப் பார்த்து 'நெர்வஸ் பிரேக்டவுன்' என்று எழுதினால் விஷயம் மனநோய்க்குப் போய்விடும்.

குறை ஒன்று, கைபேசியில் 'பிரேக்' பக்கம் அனுமார் வால். இத்தகைய கூட்டுவினைகள் எல்லாம் அதில் வினைப் பகுதியின் கடைசியில், இரண்டாம் சொல்லின் ஆங்கில அகரவரிசைப்படி கிடக்கும். 'அவே'யைத் தாண்டி 'இன்'னுக்கு முன் தேடுங்கள்.