விகன் கேசினோ காலத்துத் தட்டு என்றார், 280 பவுண்ட் கொடுத்தேன்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை, அதிலும் ‘45’ எனப்படும் (நிமிடத்துக்கு 45 சுற்று) சின்ன இசைத்தட்டுகளைத் தேடி அலையும் தமிழர்கள் இங்கிலாந்தில் எத்தனை பேர் இருப்போம்? நாலைந்து பேர் இருந்தாலும் சரி, அவர்களுக்காக இதை எழுதிவிடுகிறேன். 280 பவுண்ட் கொடுத்து ஒரு போலித் தட்டு வாங்கி ஏமாந்திருக்கிறேன். விற்றவர் பெயரைப் போடவில்லை. பாட்டின் பெயரையும் போடவில்லை, ஏனென்றால் இந்த வட்டம் ரொம்பச் சின்னது. பாட்டைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் வக்கீல் கடிதம், அது இது என்று அலைய எனக்குத் தெம்பில்லை.

மதுரையில் இருந்தவரை ராஜா கேசட்டுகளோடு சரி. மான்செஸ்டருக்கு வந்து ஒரு கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தபோதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் பெட்டி தூக்கும்போதுகூடக் காலால் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். பதினேழு வயதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் விகன் கேசினோவுக்குப் போய் விடிய விடிய ஆடியவர். கேசினோ என்றதும் சூதாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அது விகன் என்ற ஊரில் இருந்த நடன மண்டபம். 1973 செப்டம்பரில் அங்கே இரவு முழுக்க சோல் தட்டுகள் போட ஆரம்பித்தார்கள், 1981 டிசம்பர் வரை ஓடியது.

அங்கே ஓடியவை அமெரிக்காவில் போணியாகாத பாட்டுகள். டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் ஊர்களின் சின்னச் சின்ன இசைத்தட்டு நிறுவனங்கள் 1960-களில், டெட்ராய்டின் பெரிய சோல் நிறுவனமான மோட்டவுனின் பாணியில் வேகமான பாட்டுகளைப் போட்டுத் தள்ளின. பெரும்பாலானவை விற்கவில்லை. பத்து வருடம் கழித்து வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் அவற்றுக்காக உயிரை விட்டார்கள். லண்டனில் சோல் சிட்டி என்ற தட்டுக் கடை வைத்திருந்த டேவ் காடின், வடக்கிலிருந்து வருகிறவர்கள் புதிய ஃபங்க் இசைத் தட்டுகளைத் தொடுவதே இல்லை, பழைய வேகப் பாட்டைத்தான் கேட்கிறார்கள் என்று கவனித்து இதற்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர் வைத்தார்.

எனக்கு சோல் மட்டும் என்றில்லை. சிகாகோவின் செஸ் நிறுவனத்து ப்ளூஸ், அமெரிக்காவின் டகோமா ஊரின் ‘தி சோனிக்ஸ்’ மாதிரி காது கிழியும் காராஜ் ராக், எல்லாமே வேண்டும். இவை வேறு வேறு உலகம் என்று சிலர் சொல்வார்கள். எட் காப் என்று ஒருவர். குளோரியா ஜோன்ஸ் 1960-களில் பாடி அப்போது யாரும் சீண்டாமல் போன ‘டெய்ன்டட் லவ்’ அவர் எழுதியது. ஸ்டாண்டெல்ஸ் என்ற காராஜ் குழுவின் ‘டர்ட்டி வாட்டர்’ பாட்டும் அவர் எழுதியதுதான். ஒரே கை! இதைச் சொன்னால் என் மனைவி, “சரி, பால் வாங்கிட்டு வந்தீங்களா?” என்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன இலையுதிர் காலத்தில் ஒரு தட்டுச் சந்தைக்குப் போனேன். பள்ளிக்கூட மண்டபம், முப்பது நாற்பது மேசை. ஒரு மேசையில் நான் ஆறு வருடமாகத் தேடிய 45. லாஸ் ஏஞ்சலஸ், 1966. தட்டின் நடுவே இருக்கும் லேபிள் பளிச்சென்று இருந்தது. எனக்குக் கை நடுங்கியது, விற்கிறவரும் அதைப் பார்த்துவிட்டார்.

“எங்க மாமாவோட தட்டு. விகன் கேசினோவுலயே வாங்கினது. நுழைவுச் சீட்டுகூட வீட்டுல இருக்கு” என்றார். விலை 300. போட்டுக் கேட்கலாமா என்றேன். மேசையில் ஒரு கைப்பிளேயர் இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். பக்கத்து மேசையில் கேட்டிருக்கலாம். நான் போவதற்குள் வேறு யாராவது தூக்கிவிடுவார்களோ என்ற பயம், கேட்கவில்லை. கார்டு எடுப்பதில்லை, நண்பருக்கு அனுப்புகிற மாதிரி போனில் அனுப்பினால் கட்டணம் மிச்சம், 280 கொடுத்தால் போதும் என்றார். இருபது பவுண்ட் லாபம் என்று சந்தோஷமாக அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தேன். பாட்டு அருமை. மூன்றாவது முறை கேட்கும்போதுதான் ஒன்று உறைத்தது. தட்டில் கீறல் இல்லை, ஆனால் பாட்டில் கரகரப்பு இருக்கிறது. பழைய தட்டென்றால் கரகரப்பு சகஜம்தான். ஆனால் நிஜத் தட்டில் ஊசி ஓரத்தில் இறங்கியதுமே அது தொடங்கும், பாட்டு முடிந்து ஊசி லேபிள் பக்கம் போகிறவரை கூடவே வரும். இதில் முதல் சில நொடி சுத்த அமைதி. டிரம் விழுவதற்கு ஒரு மூச்சு முன்னால் கரகரப்பு உள்ளே நுழைகிறது. பாட்டு தேய்ந்து முடிந்ததும் கத்தரித்தாற்போல் நின்றுவிடுகிறது. அதாவது கரகரப்பு என் தட்டுடையது அல்ல. யாரோ தேய்ந்த ஒரு தட்டை ஓடவிட்டு, அதிலிருந்து பதிந்து, புதுத் தட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தேன். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வெற்று வளையம் ஒன்று இருக்கும் அல்லவா, ஜாதகமே அங்கேதான் எழுதியிருக்கிறது. நான் தேடிய தட்டு லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சானது. அந்த ஆலைத் தட்டுகளில் வட்டத்துக்குள் எம்.ஆர். என்ற முத்திரை இருக்கும். ஒரு குட்டி முக்கோணமும் அதையடுத்து ஆலையின் வேலை எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வைத்தே தட்டு எந்த ஆண்டில் அச்சானது என்று கணிக்கலாம். என் தட்டில் முத்திரையும் இல்லை, முக்கோணமும் இல்லை. ஆணியால் கீறினாற்போல் கோணல்மாணலாக நாலு எண். அதில் ஏழு பார்ப்பதற்கு ஒன்று மாதிரி இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. மோனார்க் அந்தக் காலத்தில் 45-களைப் பெரும்பாலும் ஸ்டைரினில்தான் செய்தது. அது வினைல் அல்ல, விறைப்பான பிளாஸ்டிக். உருக்கி அச்சுக்குள் செலுத்திவிட்டு, லேபிளைப் பிறகு தனியாக ஒட்டுவார்கள். அதனால் லேபிளின் ஓரம் நகத்துக்குத் தட்டுப்படும், சில தட்டுகளில் உரிந்தும் இருக்கும். வினைலில் லேபிளும் தட்டும் சேர்ந்தே அழுந்திவிடும். விரல் நகத்தால் தட்டினாலும் தெரியும், ஸ்டைரின் டக்கென்று வெடிப்பாகச் சத்தம் போடும், வினைல் மந்தமாக. நான் தேடிய தட்டு வினைலில் வந்ததே இல்லை. கையில் இருந்தது வினைல். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் கொடுமை. சந்தையில் லேபிளைப் பார்த்துக்கொண்டே நின்றேனே தவிர, அதற்கு வெளியே ஒரு விரற்கடை பார்க்கவில்லை.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். “அது இரண்டாம் அச்சு, அதுவும் ஒரிஜினல்தான்” என்று முதல் பதில். படம் எடுத்து அனுப்பினேன். “நான் வியாபாரி இல்லை, தனி ஆள், பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்று இரண்டாவது. பத்துப் பெட்டித் தட்டு அடுக்கி வைத்திருந்த தனி ஆள்! அதன் பிறகு பதிலே இல்லை. பணம் அனுப்பிய நிறுவனத்தைக் கேட்டால், நண்பருக்கு அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது என்றார்கள். அவர்கள் விதியில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

சட்டப்படி நான் சரிதான். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதற்குப் பொருந்தாத சரக்கை வியாபாரியிடம் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனி ஆள் விற்றாலும், ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் அது ஒரிஜினலாக இருந்தாக வேண்டும். கிரெடிட் கார்டில் நேராகக் கொடுத்திருந்தால் இன்னும் வசதி: நூறு பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் என்றால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்தையே கேட்கலாம். ஆனால் என் கையில் ரசீதும் இல்லை, அவருடைய முகவரியும் இல்லை. ஒரு கைபேசி எண் மட்டும்.

இப்படிப் போலி அடிப்பது ஏன் என்று கேட்டால், விலையைப் பாருங்கள். ஃபிராங்க் வில்சன் 1965-இல் மோட்டவுனுக்காகப் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ கடைக்கு வராமலே அழிக்கப்பட்டது. விரல் விட்டு எண்ணும் பிரதிகளே மிச்சம். 2009-இல் ஒன்று 25,742 பவுண்டுக்குப் போனது. 2020-இல் ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அந்தக் காலத்து டிஜேக்கள் வேறு, நல்ல பாட்டு கிடைத்தால் லேபிள் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிப் பொய்ப் பெயர் சொல்லிப் போடுவார்கள், போட்டியாளன் தேடிப் பிடித்துவிடக் கூடாதென்று. இந்த ஃபிராங்க் வில்சன் தட்டே எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் ஓடியது. ஆயிரம் பேர் கேட்கிறார்கள், சரக்கு பத்துதான் இருக்கிறது. போலி அடிக்காமல் இருப்பார்களா? 1970-களிலேயே தாராளமாக அடித்தார்கள்.

இது எனக்குப் புத்தியில் ஏறியது பெரியவர் வீட்டில்தான். ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் போய்விட்டது, ஆனால் தட்டுப் பெட்டி அப்படியே இருக்கிறது. என் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். தன் பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தார். அதே பாட்டு, அதே லேபிள். விளக்கில் பிடித்தோம், அதே கோணல் எண், அதே ஒன்று மாதிரி ஏழு. அடுத்தடுத்து ஓடவிட்டோம். இரண்டாவது சரணத்தில் ஒரு ‘டப்’, இரண்டிலும் ஒரே சொல்லின் மேல்.

“விகன்ல ஒருத்தன் பெட்டியில வெச்சு வித்தான். போலின்னு எங்க எல்லாருக்கும் தெரியும். ஆடறதுக்கு என்ன?” என்றார். ஒன்றரைப் பவுண்ட் கொடுத்தாராம்.

ஆக எனக்கு விற்றவர் தன் மாமாவைப் பற்றிச் சொன்னது நிஜமாகவே இருக்கலாம்.

போன வாரம் அவர் இன்னொரு தட்டை விற்பனைக்குப் போட்டிருப்பதைப் பார்த்தேன். விவரத்தில் அதே வரி: மாமா, விகன் கேசினோ, நுழைவுச் சீட்டு. லேபிளை நாலு கோணத்தில் படம் எடுத்திருக்கிறார். உள் வளையத்தின் படம் ஒன்றுகூட இல்லை. வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தப் படத்தை முதலில் கேளுங்கள். நானும் வேறு பெயரில் கேட்டுப் பார்த்தேன். கேமரா ரிப்பேர் என்கிறார்.