வீட்டு வாசலா, வங்கி வாசலா? பழைய கேமராவை முன்பின் தெரியாதவருக்கு விற்பதற்கு முன்

கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேமராவோ லென்ஸோ மாற்றியே ஆக வேண்டும். பழையதை விற்ற காசு கைக்கு வந்தால்தான் புதியதைப் பற்றி யோசிக்கவே முடியும். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் என்று இதுவரை பத்துப் பன்னிரண்டு பொருள் விற்றிருப்பேன். எங்கே சந்திப்பது, பணத்தை எப்படி வாங்குவது என்ற இரண்டிலும் எல்லா வழிகளையும் ஒருமுறையாவது முயன்று பார்த்துவிட்டேன்.

முதலில் இடம். ஆரம்பத்தில் எல்லாரையும் போல நானும் வீட்டுக்கே வரச் சொன்னேன். அதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. கேமரா வாங்க வருகிறவர் அரை மணி நேரமாவது பார்ப்பார். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, சென்சாரில் புள்ளி விழுகிறதா, ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்றெல்லாம் பார்க்க மேசை வேண்டும், வெளிச்சம் வேண்டும், லேப்டாப்புக்கு ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். வீட்டில் இதெல்லாம் இருக்கிறது.

ஒருமுறை ஒரு லென்ஸுக்காக ஒருவர் வருவதாகச் சொல்லி மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தண்ணீர் கேட்டார். நான் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்றாமவர் ஹாலைத் தாண்டி உள் அறை வாசலில் நின்று, கேமரா பைகள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் உங்களுதா ப்ரோ?" என்று கேட்டார். அன்று எதுவும் காணாமல் போகவில்லை. லென்ஸையும் அவர்கள் வாங்கவில்லை. ஆனால் அடுத்த பல வாரங்கள், வெளியூர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாரே என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் விற்பதில் பெரிய சிக்கல் இதுதான். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் உங்கள் முகவரி, வாசல், உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் வந்தவரோடு போய்விடும், திரும்ப வாங்க முடியாது.

வாங்குபவர் வீட்டுக்கு நாம் போவது இதைவிட மோசம். பொருளும் நம் கையில், இடமும் அவருடையது. இதில் யோசிக்கவே வேண்டாம்.

பொது இடம் என்றால் டீக்கடை, பார்க், மெட்ரோ ஸ்டேஷன் என்று பல உண்டு. மெட்ரோ ஸ்டேஷனில் சிசிடிவி இருக்கும், காவலர்கள் இருப்பார்கள். ஐந்தாயிரத்துக்குள் உள்ள ஃப்ளாஷ், ட்ரைபாட் மாதிரியான பொருளுக்கு அது தாராளம். ஆனால் அறுபதாயிரம் ரூபாய் கேமராவை நின்றுகொண்டே சோதிக்க முடியாது, அங்கே நோட்டு எண்ணவும் முடியாது.

அமெரிக்காவில் பல ஊர்களில் காவல் நிலைய முன்கூடத்தையோ பார்க்கிங் இடத்தையோ இந்த மாதிரி சந்திப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் காவல் நிலைய வாசல் என்று சொன்னால் நல்லவர்களும் தயங்குவார்கள். அதற்குப் பதில் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, அந்த கேமரா கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கட்டணம் கட்டினால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள், வாங்குபவருக்கும் நிம்மதி. இன்னொன்று, நான் இப்போது விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது: வங்கிக் கிளை. அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச ஒரு காபிக் கடை இருக்கிற கிளையாகப் பார்த்துக்கொள்வேன். காபிக் கடையில் பொருளைப் பார்ப்பது, வங்கிக்குள் போய்ப் பணம். சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் வர முடியும் என்பவருக்காக நேரத்தை மாற்றாதீர்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, பணம். ரொக்கமா, யுபிஐயா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

ரொக்கத்தில் ஒரு நல்லது, கைக்கு வந்தால் வந்ததுதான். ஆனால் அறுபதாயிரம் என்றால் 120 ஐந்நூறு ரூபாய் நோட்டு. வெளியே நின்று எண்ணினால் நாலு பேர் பார்ப்பார்கள். கள்ளநோட்டு பயமும் உண்டு. ஐந்நூறு நோட்டைச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் ஓடும் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். 120 நோட்டையும் இப்படிச் சாய்த்துப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? வங்கியில் என்றால் அங்கேயே உங்கள் கணக்கில் கட்டிவிடலாம், எண்ணும் வேலையும் சோதிக்கும் வேலையும் அவர்களுடையது. கணக்கில் ஏறிய பிறகு பொருளைக் கொடுங்கள். கார் மாதிரி பெரிய தொகை என்றால் இன்னொன்றும் உண்டு: ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

யுபிஐ சுலபம்தான், ஆனால் ஏமாறுகிறவர்கள் அதிகம் ஏமாறுவதும் அங்கேதான். பழைய கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். "நான் ராணுவத்துல இருக்கேன், இப்ப நேர்ல வர முடியாது, பொருளை எடுக்க ஆள் அனுப்பறேன்" என்று போன் வரும். அடையாள அட்டை என்று ஒரு படம் வரும். விலையில் பேரமே இருக்காது. அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்பார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின்னும் தேவையில்லை. பின் கேட்கிறது என்றாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகப் போகிறது. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டதால் அந்த ஒரு வழி அடைபட்டது. க்யூஆர் கோடு வழி இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

நேரில் வருகிறவர்களிடம் வேறு தந்திரம். பச்சை டிக்கோடு "பணம் அனுப்பப்பட்டது" என்ற திரையைக் காட்டுவார்கள். அதை அப்படியே போலியாகக் காட்டும் செயலிகளும் உண்டு. எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீர்கள், அதைத் தட்டச்சு செய்து யாரும் அனுப்பலாம். உங்கள் போனில், உங்கள் வங்கிச் செயலியில், இருப்புத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். "சர்வர் ஸ்லோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடும்" என்றால், அந்த ஐந்து நிமிடமும் கேமரா உங்கள் மடியிலேயே இருக்கட்டும். நெஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்றம் வழியாக அனுப்பியிருந்தால் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகத்தான் போகும், தாமதம் உண்மையாகவே இருக்கலாம். அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும். நல்லவர் புரிந்துகொள்வார்.

நேரில் வந்த பிறகு தடுமாறாமல் இருக்க முந்தின நாளே ஒன்று செய்யலாம். யுபிஐயில் பொதுவாக நாளொன்றுக்கு 1 லட்சம்தான் அனுப்பலாம், புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 5,000 மட்டும். வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ்ஸில் 5 லட்சம் வரை போகும், ஆனால் பல வங்கிகளில் கணக்கு எண்ணைச் சேர்த்த உடனே பெரிய தொகை அனுப்ப முடியாது. அதனால் முதல் நாளே என் கணக்கைச் சேர்த்து ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லிவிடுவேன். அந்த ஒரு ரூபாயோடு அனுப்பியவர் பெயரும் வரும். எனக்கு அந்தப் பெயர்தான் முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் பைக் விற்க விளம்பரம் போட்டார். ஒருவர் போன் செய்து, "வண்டி எனக்கு ஓகே. என் தம்பி வந்து பார்ப்பான், அவன்கிட்ட மட்டும் விலை பேசாதீங்க, வீட்டுல பிரச்சினை" என்றார். தம்பி வந்தார், பார்த்தார், பிடித்தது. சற்று நேரத்தில், "பணம் அனுப்பிட்டேன், சாவி கொடுங்க" என்றார். நண்பர் கணக்கில் எதுவும் வரவில்லை. விசாரித்தால் வந்தவர் தம்பியே இல்லை! போனில் பேசியவன் இதே பைக்கின் படங்களை எடுத்துக் குறைந்த விலைக்கு வேறு விளம்பரம் போட்டிருக்கிறான். வந்தவரிடம், "அங்க இருக்கறவர் என் மாமா, அவர்கிட்ட விலை பேசாதீங்க" என்று சொல்லி, பணத்தைத் தன் கணக்குக்கு வாங்கிவிட்டான். இரண்டு நல்லவர்கள் வெயிலில் நின்று ஒருவரையொருவர் திருடன் என்று திட்டிக்கொண்டார்கள். வந்தவரிடம் நேராக விலையைச் சொல்லியிருந்தாலோ, முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி யார் பெயர் வருகிறது என்று பார்த்திருந்தாலோ அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

இன்னொரு ஆபத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. பணம் உண்மையாகவே வரும், பொருளும் போகும், எல்லாம் சரியாக முடியும். சில நாள் கழித்து உங்கள் கணக்கு முடங்கும். எங்கோ வேறு மாநிலத்தில் யாரிடமோ திருடிய பணத்தைத்தான் உங்களுக்கு விலையாக அனுப்பியிருப்பார்கள். பறிகொடுத்தவர் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் புகார் செய்ததும், பணம் போன தடத்தைப் பிடித்து வந்து உங்கள் கணக்கில் அந்தத் தொகையையோ மொத்தக் கணக்கையுமோ நிறுத்தி வைப்பார்கள். நீங்கள் நேர்மையாக விற்றவர் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. அதனால் யுபிஐயோ ஐஎம்பிஎஸ்ஸோ, பணம் வருகிற கணக்கின் பெயரும் எதிரில் நிற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் ஃப்ரெண்ட் அனுப்புவான்" என்றால் நான் ஒத்துக்கொள்வதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வங்கியில் கட்டும் ரொக்கம் யுபிஐயைவிட மேல் என்பேன்.

செக், டிடி இரண்டும் வேண்டாம். செக் திரும்பினால் வழக்குப் போடலாம்தான், பொருள் அதற்குள் எங்கேயோ போயிருக்கும்.

முன்பின் தெரியாதவரே வேண்டாம், கடையில் கொடுத்துவிட்டால் என்ன? ஆன்லைனில் 58,000 வரை கேட்டு வந்த ஒரு லென்ஸுக்கு சென்னை ரிச்சி தெருக் கடையில் 45,000 சொன்னார்கள். பதிமூன்றாயிரம் வித்தியாசம் எனக்குப் பெரிது, அதனால் அலைந்தேன். ஆனால் மொபைல் போனுக்கு நான் கடையையே சிபாரிசு செய்வேன். வித்தியாசம் சில ஆயிரம்தான் இருக்கும், அதற்காக முகம் தெரியாத ஐம்பது பேரிடம் நம்பர் கொடுக்க வேண்டியதில்லை. எங்கே கொடுத்தாலும் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

நகையை ஆன்லைனில் முகம் தெரியாதவருக்கு விற்கவே கூடாது, இதில் இரண்டு பேச்சு இல்லை. ஹால்மார்க் நகையில் பொறிக்கும் ஆறு இலக்க எச்யுஐடி அடையாளக் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நகைக்கடைதான். பைக், கார் என்றால் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகாமல் சாவி கைமாறக் கூடாது. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கறேன்" என்றால் பின்னால் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.

போன முறை கேமரா விற்றபோது விளம்பரத்திலேயே எழுதிவிட்டேன்: "வேலை நாளில், பகலில், வங்கிக் கிளையில் மட்டும். வாங்குபவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து மட்டும்." படத்தில் பில்லின் முகவரியையும் சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களையும் மறைத்திருந்தேன். முன்பெல்லாம் ஒரே நாளில் முப்பது நாற்பது பேர் கேட்பார்கள், இந்த முறை ஒரு வாரத்தில் ஆறே பேர். ஆறாவதாகப் பேசியவர் காஞ்சிபுரத்திலிருந்து தன் அக்காவோடு வந்தார். கேமராவைத் தம்பி பார்த்தார், பில்லில் உள்ள சீரியல் எண்ணையும் கேமராவின் அடியில் உள்ள எண்ணையும் அக்கா விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க அண்ணா, திருட்டுப் பொருளா இருந்தா நாங்கதானே மாட்டுவோம்" என்றார். அவர்களுக்கும் அவ்வளவு பயம் இருந்திருக்கிறது.

வங்கிக்குள் போய்ப் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு, ஒரு வெள்ளைத் தாளில் இருவர் பெயர், முகவரி, சீரியல் எண், தொகை, பரிவர்த்தனை எண், தேதி எழுதி, "இருக்கும் நிலையில் பார்த்து வாங்கிக்கொண்டேன்" என்ற வரியோடு இரண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டோம். எங்கள் உரையாடல் முழுவதையும் அந்தத் தாளின் படத்தோடு இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன்.