மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிறவர்களுக்கு எந்தக் கம்பஸ்?

ஹட்டன், நுவரெலியா பக்கம் இருந்துகொண்டு திருகோணமலைக்கோ ஹிக்கடுவைக்கோ டைவிங் போகிறவர் கம்பஸ் வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: உள்ளே எண்ணெயில் சுழலும் திசைத் தட்டின் சாய்வு, அந்த எண்ணெய்க்குள் வரும் குமிழி. கடைகளில் இரண்டையும் யாரும் பேசுவதில்லை. பக்கவாட்டு ஜன்னல் உள்ள எண்ணெய்க் கம்பஸையும் டைவ் கம்பியூட்டரில் (ஆழமும் நேரமும் காட்டும், கையில் கட்டும் கருவி) வரும் டிஜிட்டல் கம்பஸையும் பல பருவங்களாகச் சேர்த்தே கட்டிக்கொண்டு இறங்குகிற எங்கள் கணிப்பில், முதல் காசு எண்ணெய்க் கம்பஸுக்குத்தான் போக வேண்டும்.

சாய்விலிருந்து தொடங்கலாம். ஐரோப்பாவில் பூமியின் காந்தப்புலம் 60, 70 பாகை சரிந்து நிலத்துக்குள் இறங்குகிறது. தட்டின் வடமுனை கீழே இழுபடாதிருக்க, அந்தப் பக்கத்துக்கென்று செய்யும் கம்பஸ்களில் தென்பக்கத்துக்கு எடை கூட்டியிருப்பார்கள். காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்திலேயே போவதால் இங்கே புலம் ஏறக்குறையக் கிடையாகக் கிடக்கிறது. அந்த எடைக்கு இங்கே வேலையில்லை, தென்முனை தொங்கிவிடும். கையைச் சற்றுச் சரித்தாலும் தட்டு மூடியில் உரசி நின்றுவிடும். நீங்கள் திரும்பினாலும் அது திரும்பாது. நேராகப் போவதாகவே தோன்றும். லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் கம்பஸ்களில் இந்தத் தொல்லை அதிகம். சூன்டோ எஸ்கே-8 போன்றவை வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் தனித்தனியாக வருகின்றன. 'குளோபல்' என்று போட்டது கிடைத்தால் அதையே எடுங்கள்.

வாங்குமுன் மர மேசையில் வைத்து நான்கு திசைக்கும் திருப்பிப் பாருங்கள். தட்டு விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். பிறகு ஒரு ஸ்க்ரூட்ரைவரைக் கிட்டே கொண்டுபோய்த் தட்டை வலப்பக்கம் இழுத்துவிட்டு அகற்றுங்கள், அடுத்து இடப்பக்கம். இரண்டு தடவையும் ஒரே எண்ணில் வந்து நின்றால் நல்லது. இரண்டு மூன்று பாகை வித்தியாசம் வந்தால் உள்ளே இருக்கும் கூர்முனை தேய்ந்துவிட்டது. பழையதாக விற்பனைக்கு வருபவற்றில் இது சாதாரணம்.

குமிழி விஷயம் நம் பக்கத்துக்கே உரியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிரில் எண்ணெய் சுருங்கும், அழுத்தம் குறைவதால் அதில் கரைந்திருந்த வாயுவும் வெளியேறும். காலையில் அலுமாரியைத் திறந்தால் கம்பஸுக்குள் ஒரு குமிழி உட்கார்ந்திருக்கும். பழுதென்று நினைத்து எறிய வேண்டாம். நிலாவெளிக்கு இறங்கி ஒரு நாள் கழித்துப் பாருங்கள், அல்லது 10 மீற்றர் ஆழத்தில் பாருங்கள்: அங்கே அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கும் குமிழி மறையாவிட்டால், அல்லது பட்டிக்கடியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், சீல் போய்விட்டது. கம்பஸுக்குள் வரும் குமிழியைவிட, ஆழத்தில் உடம்பில் கரைந்து உயரத்தில் அழுத்தம் குறையும்போது வெளியேறும் நைதரசன் குமிழிதான் ஆபத்து. டைவிங் முடித்த கையோடு வான் வண்டியில் ஏறி மலைக்கு வராதீர்கள். 600 மீற்றருக்கு மேல் போகும் விமானப் பயணத்துக்குச் சொல்லும் இடைவெளியை, அதாவது ஒரு டைவுக்கு 12 மணித்தியாலம், பல டைவுகளுக்கு 18 மணித்தியாலம் என்பதை, ஹட்டன் பாதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையிலிருந்து வருகிறவர் தம்புள்ளையில் இரவு தங்கினால் கணக்குச் சரியாக வரும்.

டிஜிட்டல் கம்பஸைக் குறை சொல்ல முடியாது. கை சரிந்தாலும் சரியாகக் காட்டும், போகும் திசையைப் பூட்டி வைக்கலாம், திரும்பும் திசையையும் தானே காட்டும். ஆனால் ஷியர்வோட்டர் பெர்டிக்ஸ் மாதிரிப் பற்றரி மாற்றும் வகைகளில், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கலிபிரேஷன், அதாவது திசையைப் புதிதாகச் சரிப்படுத்துவது, செய்ய வேண்டும். பற்றரியின் உலோகமே காந்தப்புலத்தைக் கெடுக்கிறது. அதைத் தகரக்கூரைக்குக் கீழேயோ வானுக்குப் பக்கத்திலேயோ செய்தால் எல்லா எண்ணும் பொய்தான்.

பொய் சொல்ல வைக்கும் இன்னொரு சாமான் டோர்ச். டைவ் டோர்ச் பலவற்றின் சுவிட்சுக்குள் காந்தம் இருக்கிறது. கரையிலேயே டோர்ச்சைக் கம்பஸை நோக்கி மெல்ல நகர்த்தி, தட்டு எந்தத் தூரத்தில் அசைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்குள் கொண்டுவராதீர்கள். கொன்சோலில் (குழாயில் தொங்கும் அளவுமானித் தொகுப்பில்) பூட்டியதைவிட மணிக்கட்டில் கட்டுவது எங்களுக்குப் பிடிக்கிறது. இடக்கையில் கம்பஸ் என்றால் வலக்கையை முன்னே நேராக நீட்டி, அதன் முழங்கையை இடக்கையால் பிடியுங்கள். கம்பஸில் போகும் திசையைக் காட்டும் கோடு உடம்பின் நடுக்கோட்டோடு ஒத்து நிற்க வேண்டும். 10 பாகை பிசகினால் 100 மீற்றரில் ஏறத்தாழ 17 மீற்றர் விலகிவிடுவீர்கள். தெளிவு குறைந்த நாளில் நங்கூரக் கயிறு கண்ணில் படாது. ஹிக்கடுவை 'கொன்ச்' போன்ற இரும்புக் கப்பல் சிதைவுக்குப் பக்கத்தில் எந்தக் கம்பஸையும் நம்பாதீர்கள். திசையைச் சற்றுத் தள்ளி நின்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்கு இறங்குமுன் தோட்டத்து மைதானத்தில் ஒரு துவாயைத் தலையில் போட்டு, கம்பஸ் மட்டும் தெரியும்படி நடந்து பழகலாம். முப்பது அடி நடந்து 90 பாகை கூட்டித் திரும்புவது, இப்படி நான்கு தடவை. தொடங்கிய இடத்துக்கே வந்தால் சரி. எப்போதும் ஒரே பக்கம் விலகினால் கோளாறு கம்பஸைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது.

பராமரிப்பு சொற்பம். நன்னீரில் ஊறப்போட்டு வளையத்தைச் சுற்றிச் சுற்றி மணலை வெளியேற்றுங்கள். வெயிலில் நிற்கும் வானின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வேண்டாம். மலைநாட்டு ஈரத்தில் பட்டிதான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். அதைக் கழற்றித் தனியாகக் காயவிடுங்கள்.